கிந்தனார் கதாகாலட்சேபம்

காஞ்சிபுரத்தில் பிறந்த சி. என். அண்ணாதுரை கதை வசனம் எழுதிய 'நல்லதம்பி' (1949) படத்தில், கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் நிகழ்த்தும் இசை நகைச்சுவைப் பகுதி இது. பாடல்களை எழுதியவர் உடுமலை நாராயண கவி. இதை வெறும் சிரிப்பாகப் பார்ப்போரும் உண்டு, பிரச்சாரம் என்று ஒதுக்குவோரும் உண்டு. இருவருமே மூலக்கதையை மறந்துவிடுகிறார்கள். கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் தில்லையில் இறைவனைக் காணத் தீயில் இறங்க வேண்டியிருந்தது. தாழ்த்தப்பட்ட சிறுவன் கிந்தனுக்கோ ரயில் ஏறினாலே போதும்! எல்லாச் சாதியாரும் ஒன்றாக அமர்ந்து போகும் அந்த ரயிலே இப்பகுதியின் உயிர். ஊர்ப் பள்ளியில் அடிபட்டவன் பட்டணத்தில் படித்து, கல்வி அதிகாரியாகத் திரும்புகிறான். பார்ப்பவர்களின் சிரிப்பு கிந்தன்மீது விழுவதில்லை, அடித்த வாத்தியார்மீதே விழுகிறது. ஒரு குறையும் உண்டு. கிந்தன் உயர்ந்ததும் கதை முடிகிறது. அவன் பிறந்த சேரி இருந்த இடத்திலேயே இருக்கிறது.