மரக்கணக்கும் நிலக்கரிக் கணக்கும்

மரம் நட்டால் பூமி இன்னும் சூடாகும் என்று ஒரு வாதம் உண்டு. கேட்ட மாத்திரத்தில் தள்ளிவிடக் கூடிய பேச்சல்ல அது. பனி மூடிய வெண்ணிலம் வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும். அதே இடத்தில் கரும்பச்சை ஊசியிலைக் காடு எழுந்தால் வெயிலை உறிஞ்சிக்கொள்ளும். பின்னாளில் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் பேராசிரியரான கோவிந்தசாமி பாலா, சக ஆய்வாளர்களோடு 2007இல் இதைக் கணினி மாதிரியில் கணக்கிட்டுக் காட்டினார். வடகோடியில் காடு வளர்த்தால் வெப்பம் கூடலாம். வெப்பமண்டலத்தில் வளர்த்தால் குறையும் என்பது அவர்கள் கண்டது.

திருவள்ளூர் மாவட்டத்து மணவாள நகர் இருப்பது 13 பாகை வடக்கில், அதாவது வெப்பமண்டலத்தில். இங்கே மரம் கரியமில வாயுவை இழுத்துத் தன் உடலில் சேர்ப்பதோடு, இலை வழியே நீரை ஆவியாக்கிச் சுற்றுக்காற்றையும் குளிர்விக்கிறது. லாரிகள் அனல் கக்கிப் போகும் சாலையோரத்தில் கம்பெனிப் பேருந்துக்குக் காத்து நிற்பவருக்கு ஒரு வேம்பின் நிழல் எவ்வளவு பெரிது! ஆகவே இந்த மண்ணில் மரம் நடுவது நல்லதா என்ற கேள்விக்கு என் பதில், தயக்கமில்லாமல், நல்லது என்பதே.

ஆனால் எவ்வளவு நல்லது? இதே திருவள்ளூர் மாவட்டத்தில் அத்திப்பட்டுப் பக்கம் வடசென்னை அனல் மின் நிலையம் இருக்கிறது. அதன் பழைய அலகு ஒவ்வொன்றும் 210 மெகாவாட். நிலக்கரியில் ஒரு யூனிட் மின்சாரம் எடுக்க ஏறத்தாழ 1 கிலோ கரியமில வாயு வெளியேறும். ஓர் அலகு முழுத்திறனில் ஒரு மணி நேரம் ஓடினால் சுமார் 200 டன். நன்கு வளர்ந்த ஒரு மரம் ஆண்டுக்கு 20 கிலோ அளவில் சேமிக்கிறது என்று வைத்தால், அந்த ஒரு மணி நேரப் புகையை ஈடுகட்ட 10,000 மரங்கள் ஓராண்டு முழுக்க உழைக்க வேண்டும். கும்மிடிப்பூண்டி உருக்காலைகளும் காக்களூர்ப் பட்டறைகளும் இழுக்கும் மின்சாரத்தை நினைத்துக்கொண்டு இந்தக் கணக்கைப் பாருங்கள். ஆலை வாசலில் நட்ட கன்றுகளைக் காட்டிப் புகைக்குப் பரிகாரம் ஆயிற்று என்று சொன்னால் அதை ஏற்கவே முடியாது.

நடும் முறையிலும் கோளாறு இருக்கிறது. உலகச் சுற்றுச்சூழல் நாள் என்று ஜூன் 5இல் நடுகிறோம். கத்திரி முடிந்தும் அனல் தணியாத நாள் அது. நமக்குப் பெருமழை ஐப்பசியில்தான். பாலிதீன் பையைக் கிழிக்காமலே குழியில் இறக்கிய கன்றுகளும் உண்டு. வேர் பைக்குள்ளேயே சுருண்டு, வெளிமண்ணைத் தொடாமல் கன்று காய்ந்துபோகிறது. கூண்டு மட்டும் விளம்பரப் பலகையோடு நிற்கிறது.

இதைவிட எனக்கு வலிப்பது சாலை விரிவாக்கத்துக்குச் சாய்க்கப்படும் புளியமரங்கள். ஒன்றுக்குப் பத்து நடுவோம் என்கிறார்கள். அரை நூற்றாண்டாகத் தண்டில் சேர்ந்த கரி, செங்கல் சூளைக்கு விறகாகப் போனால் சில நாளில் வானத்துக்குப் போய்விடும். பத்துக் கன்றும் பிழைத்தாலும் அதைத் திரும்பச் சேர்க்கப் பல ஆண்டுகளாகும். அந்த ஆண்டுகளில்தானே நமக்கு அவசரம்?

எங்கே நடக்கூடாது என்பதும் தெரிய வேண்டும். நீலகிரியின் புல்வெளிகளில் சீகை மரத்தையும் தைலமரத்தையும் நட்டு, மண்ணுக்குள் கரியையும் நீரையும் காத்துவந்த நிலத்தைக் கெடுத்தோம். சமவெளியில் சீமைக்கருவேலம் ஏரிகளைப் பிடித்துக்கொண்டது.

2022இல் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கம், மாநிலத்தின் காடு மற்றும் மரப்பரப்பை 33 விழுக்காட்டுக்கு உயர்த்த எண்ணுகிறது. அந்த இலக்கை நான் மனமார வரவேற்கிறேன். நட்ட எண்ணிக்கையை மட்டும் எழுதும் பதிவேட்டில் மூன்றாம் ஆண்டு உயிரோடிருக்கும் மரங்களுக்கும் ஒரு பத்தி வேண்டும். ஆலைகளின் உரிமத்தைப் புதுப்பிக்கும் அதிகாரிகள் அந்தப் பதிவேட்டைக் கேட்கட்டும். பக்கத்திலேயே அந்த ஆண்டு எரித்த நிலக்கரி, டீசல், வாங்கிய மின்சாரம் ஆகியவற்றின் அளவையும் எழுத வைக்கட்டும்.