சிலேட்டில் எழுதிய பதில்கள்

மௌனத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பொதுவாக நிறையப் பேசுகிறார்கள். புத்தகக் கடையில் ஆன்மிக அலமாரியைப் பாருங்கள். அகந்தையை விடச் சொல்லும் புத்தகம் 400 பக்கம்; அட்டை முழுக்க ஆசிரியரின் போட்டோ. இந்தக் கூட்டத்தில் ரமண மகரிஷியின் ‘நான் யார்?’ ஒல்லியாக ஓரத்தில் நிற்கிறது. அரைமணியில் படித்துவிடலாம்.

அது உருவான விதம் சுவாரஸ்யமானது. 1902 வாக்கில் சிவப்பிரகாசம் பிள்ளை என்பவர் திருவண்ணாமலை விரூபாட்ச குகைக்குப் போகிறார். தத்துவம் படித்தவர், தென்னாற்காடு கலெக்டர் ஆபீஸில் வருவாய்த்துறை உத்தியோகம். குகையில் இருப்பவருக்கு வயது 22. பேசுவதில்லை. விரதம் கிரதம் ஏதுமில்லை. பேசத் தோன்றவில்லை, அவ்வளவுதான். பிள்ளை கேட்கக் கேட்க, மணலிலும் சிலேட்டிலும் பதில் எழுதிக் காட்டுகிறார். சிலேட்டில் இடம் கம்மி. பதில்களில் அலங்காரம் இல்லாததற்கு அதுவும் ஒரு காரணமோ என்னவோ. அச்சில் வந்தது 1923-ல்தான்.

இனி விமரிசனம். ஆரம்பத்திலேயே ஒரு முட்டுக்கட்டை. இது நானல்ல, அது நானல்ல என்று சப்த தாதுவில் தொடங்கி ஒவ்வொன்றாகத் தள்ளிவிடும் நீண்ட பட்டியல். புதிதாகப் படிக்கிறவர் அங்கேயே மூடிவைத்துவிடும் அபாயம் உண்டு. சிலேட்டில் எழுதுகிறவரின் நடை இது இல்லையே என்று சந்தேகமும் வரும். நியாயமான சந்தேகம். அது தான் சொன்னதல்ல, பிள்ளை விளக்கத்துக்காகச் சேர்த்தது என்று ரமணரே பிற்பாடு குறிப்பிட்டதாக அன்பர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

விஷயம் இனிமேல்தான். 1920-களில் ரமணரே கேள்விகளை எடுத்துவிட்டு முழுவதையும் கட்டுரையாக மாற்றி எழுதினார். பேனா அவர் கையில். அந்தச் சில வரிகளை அடித்திருக்கலாம். அடிக்கவில்லை. கட்டுரையிலும் பட்டியல் அப்படியே இருக்கிறது. பத்திரிகையில் எழுதுகிறவர்களுக்கு இது எப்பேர்ப்பட்ட காரியம் என்று புரியும். உதவி ஆசிரியர் ஒரு கமாவை நகர்த்தினாலே போன் போட்டுச் சண்டை பிடிக்கிற ஜாதி நாங்கள். சொல்லாததைச் சொன்னதாகப் போட்டால் வக்கீல் நோட்டீஸ்.

இலக்கியமாகப் பார்த்தால் அந்தப் பட்டியல் குறைதான். நல்ல எடிட்டர் வெட்டியிருப்பார். ஆனால் அகந்தையை விடுவது எப்படி என்பதற்கு, அதை வெட்டாமல் விட்டதைவிடப் பெரிய உதாரணம் புத்தகத்துக்குள் இல்லை.

கட்டுரையைவிட 28 கேள்விகள் கொண்ட பதிப்பை நான் சிபாரிசு செய்வேன். அதில் பிள்ளை இருக்கிறார். நம் சார்பில் கேட்க ஓர் ஆள். பட்டியல் தடுக்கினால் தாண்டிப் போங்கள். பின்னால், ரயிலில் ஏறிய பிறகும் மூட்டையைத் தலையில் சுமந்துகொண்டிருக்கும் ஆசாமி உவமையாக வருகிறார். அவரை நமக்கு நன்றாகத் தெரியும்.

படித்து முடித்ததும், ‘நான் இதைப் படிச்சுட்டேன்’ என்று யாரிடமாவது சொல்லத் தோன்றும். பரீட்சை அங்கேதான் ஆரம்பம்.