அங்காடித் தெருவில் ஒரு மாடிப்படி

ஜவுளிக் கடையை வைத்துத் தமிழில் யாராவது பெரிய நாவல் எழுதியிருக்கக் கூடாதா என்று பல தடவை நினைத்ததுண்டு. மாம்பலம் ரயில் நிலையத்தையும் உஸ்மான் சாலையையும் சேர்க்கும் அந்தச் சின்ன ரங்கநாதன் தெருவில் இல்லாத கதையா? குறையை ஓரளவு தீர்த்து வைத்தது ஒரு சினிமாப் படம். வசந்தபாலன் எடுத்து 2010-இல் வெளிவந்த 'அங்காடித் தெரு'வைத்தான் சொல்கிறேன். வசனம் ஜெயமோகன். நல்ல நாவலுக்குக் கொடுக்கிற மரியாதையை அதற்குக் கொடுக்கலாம்.

தென் மாவட்டத்திலிருந்து பிழைக்க வரும் பிள்ளைகள், நாள் முழுதும் நிற்கும் கால்கள், நெரிசலான விடுதி, கை நீட்டி அடிக்கும் மேற்பார்வையாளன் கருங்காலி, எல்லாம் நம்பும்படி இருக்கின்றன. கதாநாயகி கனி துடுக்கான பெண். லேசில் யாருக்கும் பணிகிறவள் அல்ல. கடைசியில் நடைபாதை விபத்தில் கால்களை இழக்கிறாள். காதலன் அவளையே மணக்கிறான். கண் கலங்காமல் பார்ப்பது கஷ்டம்.

ஆனால் கனியின் கெட்டிக்காரத்தனம் முழுவதும் காதலுக்கும் சண்டைக்குமே செலவாகிறது. தொழிலில் அவள் எப்படி? கல்யாணப் பட்டு எடுக்க ஒரு குடும்பம் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பணம் கொடுப்பவர் ஒருவர், தீர்மானிப்பவர் இன்னொருவர், குறை சொல்வதற்கென்றே ஓர் அத்தை கூட வந்திருப்பாள். கல்யாணப் பெண்ணுக்குப் பிடித்த நிறத்தை யாருமே கேட்கமாட்டார்கள். யார் முன்னால் எந்தப் புடவையை விரிப்பது என்று இரண்டு நிமிஷத்தில் தெரிய வேண்டும். நாவலாசிரியர்களாகிய எங்களுக்கு அதற்குப் பத்துப் பக்கம் பிடிக்கும்! இந்த அறிவுள்ள பெண் ஏன் ஒரு தளத்தையே நிர்வகிக்கக் கூடாது? படம் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. கதாநாயகியைப் பார்த்து இரங்கத் தெரிந்த அளவுக்கு அவளை மதிக்கத் தெரியவில்லை.

பிரெஞ்சு ஆசிரியர் எமிலி ஸோலா கேட்டார். 1883-இல் வந்த அவருடைய நாவலின் பெயருக்குப் 'பெண்களின் ஆனந்தம்' என்று பொருள். பாரிஸில் ஒரு பிரம்மாண்டமான ஜவுளிக் கடையின் பெயர் அது. தாய் தகப்பன் இல்லாத தெனிஸ், இரண்டு தம்பிகளைக் கூட்டிக்கொண்டு ஒரு சிறு நகரத்திலிருந்து வந்து அங்கே வேலைக்குச் சேருகிறாள். தலை சீவத் தெரியாதவள் என்று சக பெண்கள் கேலி செய்கிறார்கள். நின்று நின்று கால் வீங்குகிறது. கோடையில் வியாபாரம் மந்தமானதும் வெளியே தள்ளப்படுகிறாள். இதுவரை கனியின் கதைதான். பிறகு திரும்பி வந்து, உதவித் தலைவியாகி, குழந்தைகள் உடைப் பிரிவுக்கே தலைவியாகிறாள். ஆட்களைக் கண்டபடி நீக்கும் வழக்கத்தை மாற்ற வைக்கிறாள். எவ்வளவு அழகாக ஏற்றிக்கொண்டு போகிறார் ஸோலா! முடிவில் முதலாளிக்கு அவளைக் கல்யாணம் செய்து வைத்துவிடுகிறார். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. படி ஏறியவளுக்குக் கடைசிப் படி கணவன்தானா?

ஸோலா குறிப்பெடுக்கப் போன கடைகளில் ஒன்று 'போன் மார்ஷே'. சலவைக்காரியிடம் வேலை பழகிய ஏழைப் பெண்ணான மார்கரித் பூசிகோ, 1877-இல் அதன் முதலாளியான கணவர் இறந்தபின் அந்தக் கடையின் பொறுப்பை ஏற்றாள். 1886-இல் சிப்பந்திகளுக்கு ஓய்வூதிய நிதியும் ஏற்படுத்தினாள். அவளுக்கும் கணவர் வழியாகத்தான் கடை வந்தது என்பது வாஸ்தவம்.

கடையில் வேலை செய்யும் பெண்களுக்கு உட்கார ஆசனம் வேண்டும் என்று பிரான்ஸ் 1900-இல் சட்டம் செய்தது. தமிழ்நாட்டில் எல்லாச் சிப்பந்திகளுக்கும் இருக்கை வேண்டும் என்ற சட்டத் திருத்தம் 2021-இல் வந்தது. நாற்காலிக்கே நூற்றிருபது வருஷ வித்தியாசம். நிர்வாகியின் நாற்காலியைப் பற்றி என்ன பேசுவது?

தி. நகரிலேயே உதாரணம் இல்லையா என்று கேட்கலாம். 1928-இல் ஆரம்பித்த நல்லி கடையில், ஐந்தாம் தலைமுறையைச் சேர்ந்த லாவண்யா நல்லி அந்தக் குடும்பத்திலிருந்து வியாபாரத்துக்குள் வந்த முதல் பெண். ஹார்வர்டில் படித்து, வெளியே வேலை பார்த்துத் திரும்பித் துணைத் தலைவர் பொறுப்புக்கு வந்தவர். நாலு தலைமுறை திறக்காத கதவைத் திறப்பது லேசல்ல. ஆனாலும் அது வீட்டுக்குள் இருந்த கதவு. கவுண்டரிலிருந்து புறப்படும் படிக்கட்டு வேறு.

அந்தப் படிக்கட்டில் கடிகாரமும் ஒரு தடை. கடைகள் நாள் முழுதும் திறந்திருக்கலாம் என்று தமிழ்நாடு அரசு 2019-இல் போட்ட உத்தரவு, சாதாரணமாகப் பெண்களை இரவு 8 மணிக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, அவர்கள் எழுத்து மூலம் சம்மதித்தால் பாதுகாப்புடன் வேலை செய்யலாம் என்றது. நல்ல எண்ணம்தான். ஆனால் ஜவுளிக் கடைக்கு உயிர் வருவதே சாயங்காலத்தில். ஆடித் தள்ளுபடியில் எது போயிற்று, எது தேங்கிற்று என்று கடை மூடும்போதுதான் தெரியும். பஸ் பிடிக்க எட்டு மணிக்கே ஓடுகிறவள் அந்தக் கணக்கில் இல்லை. கணக்கில் இல்லாதவளை யார் மேலே ஏற்றுவார்கள்?

இதையெல்லாம் வைத்து எழுதும் ஆசிரியருக்காகக் காத்திருக்கிறேன். கனி போன்ற ஒருத்தி ஒரு நாள் கருங்காலியின் இடத்தில் நிற்கட்டும். விடுதித் தண்ணீருக்கு வரிசையில் நின்று ஐந்து நிமிஷம் பிந்தி ஓடி வரும் ஒரு சிறு பெண்ணிடம், "அக்கா, இன்னிக்கு ஒரு நாள் மட்டும்" என்று அது கெஞ்சும்போது, முதலாளியும் பார்த்துக்கொண்டிருக்கையில், அவள் என்ன சொல்வாள்?