எச்சம் என்னுஞ் சொல்

திருக்குறள் நடுவுநிலைமை யதிகாரத்துள் எச்சம் என்னுஞ் சொல் இருமுறை வந்துள்ளது. 112-ஆங் குறள், நடுவுநிலையுடையானது செல்வம் அழியாது அவனெச்சத்திற்கும் அரணாம் என்கின்றது. 114-ஆங் குறள், ஒருவர் தக்கார் என்பதும் தகவிலார் என்பதும் அவரவர் எச்சத்தாற் புலனாம் என்கின்றது. முன்னையதற்கு வழியிலுள்ளார் என்றும், பின்னையதற்கு நன்மக்கள் என்றும் பரிமேலழகர் பொருள் கொண்டார். செல்வம் கைமாறுதற்குரியதாகலின் அதனைப் பெறுவார் ஒருவர் வேண்டும். ஆதலின் முன்னையது பொருந்தும். பின்னையதே ஈண்டு ஆராயற்பாலது.

எச்சமென்பது எஞ்சுதல் என்பதன் வழிப்பட்டது. எஞ்சி நிற்பது என்பதே அதன் பொருள். நியாயத்தலங்களில் வழங்கும் வாரிசு என்பது அரபுச் சொல். தாயாதி என்பது தாயாத என்னும் வடசொல்லின் திரிபு. அதனைத் தாய், ஆதி எனப் பிரித்துப் பொருளுரைப்பாரும் உளர், அது பொருந்தாது. இவ்விரண்டும் பெறுவானை நோக்கிய சொற்கள். எச்சமோ விட்டுச் செல்வானை நோக்கியது. அவன்பின் நிற்பது மகனாயினும் ஆகுக, பிறிதாயினும் ஆகுக, சொல் இரண்டிற்கும் ஒக்கும். நாயனார் தாமே 238-ஆங் குறளில் இசையை எச்சம் என்றார். 1004-ஆங் குறளில், ஒருவராலும் விரும்பப்படாதவன் எதனைத் தன் எச்சமாக எண்ணுவான் என வினவினார். அவன் மகப்பேறிலான் என்னுங் குறிப்பு ஆண்டில்லை.

தக்கார்க்கு எச்சம் உண்டாதலும் தகவிலார்க்கு இல்லையாதலும் துணிபு என்பது பரிமேலழகர் கருத்து. மக்கள் என்பதற்கு நன்மையென்னும் அடை அவர் வருவித்தது. அவ்வடையைக் கொள்ளினும் இடர் தீர்ந்திலது. சேய்ஞலூர் எச்சதத்தனுக்கு விசாரசருமர் மகனாயினார். அவரினும் நன்மகன் யாவன்? ஆயினும் அத்தந்தை ஆராயாது மகனை அடித்தான், திருமஞ்சனப் பாற்குடத்தைக் காலால் இடறினான். அவன் பின்னர்ச் சிவலோகஞ் சேர்ந்தது மைந்தர் செய்கையாலேயன்றித் தன் நடுவுநிலைமையாலன்று. இனி, திருநாவுக்கரசர்க்கு மகவில்லை. அவரைத் தகவிலார் என்ன நாவெழுமோ? திங்களூர் அப்பூதியடிகள் அவரைக் காணுமுன்னரே தம் மைந்தர்க்கும் தண்ணீர்ப்பந்தற்கும் அவர் பெயரையே இட்டு வழங்கினார். பிறர் பெற்ற பிள்ளைகள் அரசரது பெயரைத் தாங்கினர். எச்சம் என்பதற்கு இதனினுஞ் சிறந்த உரை யான் அறியேன். மகப்பேறில்லாத நல்லார் சிலர் 114-ஆங் குறட்கு வழக்கமான உரையைக் கேட்டு முகம் வாடக் கண்டுளேன். பரிமேலழகரது உரைத்திறம் பெரிது. அதற்காக அவர் வருவித்ததெல்லாம் நூலாசிரியர் கருத்தாகிவிடாது.

எச்சதத்தன் என்னும் பெயரிலுள்ள எச்சம் வேறு. அது யக்ஞம் என்பதன் தற்பவம். திருச்சாழலில் தக்கனோடு கூறப்படும் எச்சனும் அதுவே. அவ்வேள்விப்பெயரினன் மகனார் தந்தையைத் துறந்து இறைவனையே தந்தையாகப் பெற்றுச் சண்டீசராயினார். பெருமான் உண்டது, உடுத்தது, சூடியது ஆகிய எஞ்சிய பொருள்கள் யாவும் அவர்க்கு உரியனவாயின. இது வெறும் உபசாரமன்று. சோழர்காலக் கல்வெட்டுக்கள் பலவற்றுள் கோயில் நிலத்தை விற்றலும் கொள்ளுதலும் சண்டேசுவரர் பெயராலேயே நிகழ்ந்துள்ளன. உரிமைக்குக் குருதித் தொடர்பு வேண்டுமென்னும் உலகியல் அங்கே செல்லவில்லை.

ஆகலின் 114-ஆங் குறளில் எச்சம் என்பதற்கு மக்கள், மாணாக்கர், புகழ், பழி என ஒருவர் பின் நிற்பன யாவற்றையுங் கொள்ளுதலே நேரிது. மாணாக்கரையும் உடன்சேர்த்தது என்னை எனின், நம் சமயத்தார் ஆசிரிய மரபையே சந்தானம் என்றனர். அச்சொற்கு உலகவழக்கிற் பொருள் பிள்ளைப்பேறு. மெய்கண்டார் தந்தைக்குக் குலகுருவாயிருந்தவர் சகலாகம பண்டிதர் என்னும் அருணந்தி சிவாசாரியர். ஆண்டின் மூத்த அவரே அப்பிள்ளையாரை அடைந்து மாணாக்கராகிச் சந்தான குரவருள் இரண்டாமவராக எண்ணப்படுகின்றார்.