அற்புத நாடகமும் அதன் பார்வையாளரும்: சுவைஞர் விவாதம் பற்றிய ஒரு நோக்கு

ஒரு கலைப்படைப்பின் கதைப்போக்கு, நடைவேகம், பாத்திர வார்ப்பு ஆகியன பற்றித் தீர்ப்புக் கூறும் உரிமை யாருக்குரியது என்ற வினா ஈழத்துத் தமிழ் விமர்சன உலகுக்குப் புதியதன்று. 1960களின் முற்பகுதியில் நிகழ்ந்த மரபுப் போராட்டத்தின்போது, உழைக்கும் மக்களின் பேச்சுவழக்கைப் படைப்பிலக்கியத்திற் கையாளுதல் இழிசனர் வழக்கை இலக்கியமாக்குவதாகும் எனப் பண்டிதர் சிலர் கண்டித்தனர். அன்று அம்மக்களின் மொழிக்காக வாதாடிய முற்போக்கு விமர்சகர்களின் வழிவந்தோர் பலர், இன்று அம்மக்களின் சுவையைப் பற்றிப் பேச நேரும்போது தாமே பண்டிதர் குரலிற் பேசுகின்றனர். சீன அற்புதத் தொடர்நாடகங்களையும், அவை பற்றிச் சுவைஞர் நடத்தும் ஓயாத வாதங்களையும் வேலையற்றோர் பொழுதுபோக்கெனத் தள்ளிவிடும் மனப்பான்மை இதற்கோர் உதாரணமாகும்.

திருகோணமலை நகருக்கு வடக்கே, சாம்பல்தீவை அடுத்துள்ள கடற்கரைக் கிராமமாகிய சல்லியிலும் இந்நாடகங்களைக் கைத்தொலைபேசியில் ஆங்கிலத் துணைவரிகளின் உதவியோடு பார்க்கும் இளையோர் உளர். அவர்களுடன் உரையாடியபோது ஒன்று தெளிவாயிற்று. நாடகத்தைப் புகழ்வதிற் கழியும் நேரத்திலும் அதனைக் குறைகூறுவதிற் கழியும் நேரமே அதிகம். ‘சரியான இழுவை’ என்பது அவர்களின் முதற்குறை. ‘அவனை ஏன் கெட்டவனாக்கினார்கள்?’ என்பது இரண்டாவது. ‘முடிவைக் கெடுத்துவிட்டார்கள்’ என்பது மூன்றாவது. கதையமைப்பு, பாத்திரம், முடிவு எனக் கல்விமான்கள் அத்தியாயம் வகுத்து ஆராயும் பொருள்களே இவை. எனவே இவ்விவாதத்தை விமர்சனமாகவே கொண்டு, அது எதனைக் காண்கிறது, எவ்விடத்தில் நின்றுவிடுகிறது என நோக்குதல் பயனுடையது.

இந்நாடகங்களின் வேர் பழையது. பதினாறாம் நூற்றாண்டைச் சேர்ந்த ‘மேற்கு நோக்கிய பயணம்’ முதலான கதைகளைச் சீன நாவலின் தனி வகையாக இனங்கண்டு, ‘தெய்வமும் பேயும் பற்றிய நாவல்’ எனப் பெயரிட்டவர் லூ சுன். 1923-24இல் வெளிவந்த அவருடைய சீனப் புனைகதை வரலாறு அப்பெயரை நிலைநிறுத்தியது. இயற்கைச் சக்திகளை மனிதன் கற்பனையில் அடக்கியாள்வதன் வடிவமே தொன்மம் என்றும், அச்சக்திகள் உண்மையில் அவன் வசப்படும்போது தொன்மம் மறைந்துபோகும் என்றும் 1857ஆம் ஆண்டுக் குறிப்புகளில் மார்க்ஸ் எழுதினார். அவ்வாறாயின், இயந்திர உற்பத்தியில் முன்னணியில் நிற்கும் ஒரு நாட்டில், வாளேறிப் பறப்போரும் ஆயிரமாண்டு வாழ்வோரும் திரையை நிரப்புவது ஏன்? இயற்கை ஓரளவு வசப்பட்டபோதும் சமூகச் சக்திகள் மனிதன் வசப்படவில்லை என்பதே விடையாகும். சந்தையும் வேலையின்மையும் அதிகாரமும் தனிமனிதனுக்கு இடியும் புயலும் போலவே வந்து சேர்கின்றன. அவற்றைக் கற்பனையில் வெல்லும் வேலையைப் பழைய தேவர்களும் அசுரர்களும் மீண்டும் ஏற்றுள்ளனர்.

இவ்வகைக் கலையின் சுவைஞரை முதன்முதலிற் கூர்ந்து நோக்கிய மார்க்சிய எழுத்தாளருள் மாவோ துன் குறிப்பிடத்தக்கவர். ‘செந்தாமரைக் கோயிலை எரித்தல்’ என்னும் வாள்வீரத் திரைப்படம் 1928இல் ஷாங்காயில் வெளியாகி, 1931வரை பதினெட்டுப் பாகங்களாக வளர்ந்தது. பின்னர் தேசியவாத அரசாங்கத்தின் தடைக்கு உள்ளாயிற்று. 1933இல் அதுபற்றி எழுதிய மாவோ துன், அதனை நகர்ப்புறச் சிறுவுடைமையாளரின் நிலமானியக் கலையெனக் கண்டித்தார். அக்கட்டுரையிலேயே திரையரங்கின் ஆரவாரத்தையும் பதிவு செய்தார். வாள்வீரர் குழுக்களின் தராதரத்தைப் பார்வையாளர் ஒருவரோடொருவர் வாதிட்டுக்கொண்டிருந்தனர். அவர்களுக்குத் திரையில் நிகழ்வது நடிப்பாகத் தோன்றவில்லை, உண்மையாகவே தோன்றிற்று என்பது அவர் கணிப்பு. கனவைக் கனவென்று அறியாத நிலையையே அவர் ஆபத்தாகக் கண்டார்.

இன்றைய சுவைஞரின் நிலை இவ்விடத்தில் வேறுபடுகின்றது. ‘இழுவை’ எனக் குறைகூறுபவர் தாம் பார்ப்பது ஆக்கப்பட்டதொரு பொருள் என்பதை நன்கறிவர். எங்கே வெட்டியிருக்கலாம், எங்கே ஒட்டியிருக்கின்றனர் என அவர் சுட்டுகின்றார். சீனப் பார்வையாளர் இக்குறைக்கு வழங்கும் சொல் இன்னும் கூர்மையானது. வேண்டுமென்றே நீட்டப்பட்ட நாடகத்தை அவர்கள் ‘நீர் ஏற்றிய நாடகம்’ என்பர். இறைச்சியின் நிறையைக் கூட்டுதற்கு அதனுள் நீர் ஏற்றும் வணிகரின் மோசடியிலிருந்து எழுந்த வழக்கு இது. கலை பற்றிய தீர்ப்பொன்று தராசிலிருந்தும் சந்தையிலிருந்தும் சொல்லெடுத்துக்கொண்டமை தற்செயலன்று. நாடகம் ஒரு பண்டம், அதன் எடையில் ஏமாற்று இருக்கிறது என்பதை அச்சொல் நேராகவே கூறிவிடுகின்றது.

ஏமாற்று எங்கே தொடங்குகின்றது? இந்நாடகங்களுட் பல, இணையத்திற் பகுதி பகுதியாக வெளிவந்த நாவல்களைத் தழுவியவை. அந்நாவல்களை வெளியிடும் பெருந்தளங்கள் ஆயிரம் எழுத்துக்கு இவ்வளவு எனக் கட்டணம் அறவிடும் முறையை 2003ஆம் ஆண்டளவில் நிலைப்படுத்தின. எழுத்தின் நீளமே எழுத்தாளரின் கூலியாயிற்று. நாடகமாகும்போது, பகுதிக்கு இவ்வளவு என விலைபேசப்படுவதால் நீளம் தயாரிப்பாளரின் இலாபமாகின்றது. இந்நீட்சி எவ்வளவுக்குச் சென்றதெனில், ஒரு தொடர் 40 பகுதிகளை மிஞ்சலாகாது எனவும் 30 பகுதிக்குள் அமைவது ஊக்குவிக்கப்படும் எனவும் 2020 பெப்ரவரியிற் சீன ஒலிபரப்பு நிருவாகம் அறிவிக்க நேர்ந்தது. தமிழ் வாசகருக்கு இது அந்நியமான அனுபவமன்று. ‘கல்கி’ வார இதழில் 1950 முதல் 1954 வரை வெளிவந்த ‘பொன்னியின் செல்வன்’ முடிவுற்றபோது, பாத்திரங்கள் பின்னர் என்ன ஆயினர் என வாசகர் கேட்ட கேள்விகளுக்கு ஆசிரியர் முடிவுரை எழுதி விடையிறுக்க வேண்டியதாயிற்று. தொடர்கதை எங்கே தோன்றினும், எழுதுவோனுக்கும் படிப்போனுக்கும் இடையே காலம் ஒரு பேரப்பொருளாகின்றது.

2019இல் வெளிவந்து உலகெங்கும் சுவைஞரைப் பெற்ற ‘சென் சிங் லிங்’ என்னும் ஐம்பது பகுதித் தொடர் இதனைத் தெளிவாக விளக்கும். ‘தி அன்டேம்ட்’ என்பது அதன் ஆங்கிலப் பெயர். ஏற்கெனவே சந்தா செலுத்திய பார்வையாளரிடம், இறுதி ஆறு பகுதிகளை முன்கூட்டியே காண்பதற்கு மேலும் 30 யுவான் அறவிடப்பட்டது. அதே ஆண்டில் இன்னொரு தொடருக்கு 50 யுவான் கேட்கப்பட்டபோது வழக்கு எழுந்தது. 2020இல் பெய்ஜிங் இணைய நீதிமன்றம் வழக்காடிய பார்வையாளருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. 2021 ஒக்டோபரிற் பெருந்தளங்கள் அம்முறையைக் கைவிட்டன. ‘அடுத்து என்ன?’ என்னும் ஆவல், கதை தோன்றிய நாள்தொட்டுக் கதைசொல்லியின் கருவியாக இருந்து வந்தது. இங்கு அது தனியாக விலைகுறிக்கப்பட்டு விற்கப்பட்டது. முதலில் நீட்டிக் காக்கவைத்தனர். பின்னர் காத்திருப்பைக் குறைப்பதற்குப் பணம் கேட்டனர். பார்வையாளரின் ஓய்வுநேரம் இவ்வாறு இருமுறை சுரண்டப்படுகின்றது. ஒன்றரை மடங்கு வேகத்தில் நாடகத்தை ஓடவிடும் பார்வையாளர், தம் நேரத்தை மீட்கத் தமக்குள்ள ஒரே கருவியைக் கையாளுகின்றார்.

ஆயினும் நீளம் தன்னளவிற் குற்றமாகாது. கிழக்கிலங்கைக் கூத்து இதனை நன்கு உணர்த்தும். அது விடியவிடிய ஆடப்படுவது. ஒவ்வொரு பாத்திரத்தின் வரவும் ஆட்டமும் பாட்டுமாக நெடுநேரம் விரியும். எனினும் களரியைச் சுற்றியிருந்தோர் அதனை ‘நீர் ஏற்றியது’ என்று கருதியதில்லை. சட்டங்கொடுத்தல் தொடங்கிச் சதங்கையணிதல், அடுக்குப் பார்த்தல், அரங்கேற்றம் வரை பல மாதங்கள் ஊரே அதனோடு தொடர்புற்றிருந்தது. கதை யாவரும் அறிந்ததே. ஆகவே வாதம் ‘என்ன நடக்கும்’ என்பதைப் பற்றியதாகாது, ‘எவ்வாறு ஆடினான்’ என்பதைப் பற்றியதாயிற்று. ஆடியவன் அயலவன், பார்த்தவன் நாளைக்கு ஆடக்கூடியவன். அறுவடைக்குப் பிந்திய அவ்விரவு ஊருக்கே உரியது. அதனை எவரும் விற்கவில்லை. ஆட்டத்தின் சாதிக் கட்டுப்பாடுகளையும், பெண் பாத்திரத்தையும் ஆணே தாங்கிய நிலையையும் நாம் மறக்கலாகாது. எனினும் காலத்தின் உடைமை பற்றிய வேறுபாடு தெளிவானது.

பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962இற் ‘கர்ணன் போர்’ தொடக்கம் பேராதனையில் மேடையேற்றிய கூத்துகள், இரவு முழுவதற்கும் உரியதைச் சில மணித்தியாலங்களுக்குள் அடக்கின. வட்டக் களரி படச்சட்ட மேடையாயிற்று. உழவனின் ஓய்விரவு நகரத்தவரின் மாலைப்பொழுதாயிற்று. கூத்துக்குப் புதிய மதிப்பையும் நாடளாவிய பார்வையாளரையும் தேடித்தந்த அம்முயற்சியின் பெருமை குன்றாதது. ஆனால் நாம் இங்கு கருதவேண்டியது, ‘நடைவேகம்’ என்பது படைப்புக்குள் மாறாதுறையும் ஒரு குணமன்று என்பதே. யாருடைய நேரத்தில், யாருக்காக, எவ்வுற்பத்தி உறவுகளின் கீழ் ஒரு கலை நிகழ்கின்றது என்பதே அதன் வேகத்தை நிர்ணயிக்கின்றது. கரைவலை இழுத்தோர் பாடிய அம்பாப் பாடல் வலையின் பாரத்துக்கேற்ப நடந்தது. இணையத் தொடர் விலைப்பட்டியலுக்கேற்ப நடக்கின்றது.

இவ்விதியை இயந்திரமயமாகப் பிரயோகித்தலும் தவறாகும். ‘சென் சிங் லிங்’ தொடரின் மூலநாவலில் இரு ஆடவருக்கிடையே காதலாக உள்ள உறவு, தணிக்கையின் காரணமாகத் திரையில் நட்பாகவே காட்டப்பட்டது. சொல்ல முடியாததை நீண்ட பார்வைகளும் மௌனங்களும் ஏற்றன. ஒருவர் ‘இழுவை’ என ஒதுக்கும் காட்சியை இன்னொருவர் நாடகத்தின் உயிர்நிலையாகக் கொண்டு வாதாடுவது இதனாலேயே. மந்தம் ஓரிடத்தில் வணிகரின் நீராகவும், வேறோரிடத்தில் வாய்கட்டப்பட்ட கலைஞரின் பேச்சாகவும் இருத்தல் கூடும். இரண்டையும் பிரித்தறியும் பயிற்சி இச்சுவைஞரிடம் கணிசமாக உண்டு.

பாத்திரம் பற்றிய வாதம் இன்னும் ஆழமானது. இத்தொடரின் பிரதான எதிர்ப்பாத்திரமாகிய ஜின் குவாங்யாவ், பொதுமகள் ஒருத்திக்குப் பிறந்தவன். தந்தையாகிய குலத்தலைவனைத் தேடிச் சென்றபோது மாளிகைப் படிகளிலிருந்து உருட்டிவிடப்படுகின்றான். பணிவாலும் சூழ்ச்சியாலும் கொலையாலும் அவன் அப்படிகளின் உச்சியை அடைகின்றான். ‘அவனை ஏன் கெட்டவனாக்கினார்கள்?’ என்று சல்லியிற் கேட்கப்பட்டது இவனைக் குறித்தே. நற்குலத்தில் வளர்ந்த வீரர்கள் நேர்மையாக இருத்தல் எளிது, இவனுக்கு அவ்வழி எவ்வாறு திறந்திருந்தது என ஒரு சாரார் கேட்கின்றனர். அவன் செய்த கொலைகளுக்குப் பிறப்பு விடையாகாது என மறுசாரார் கூறுகின்றனர். மனிதனைச் சூழல் ஆக்குகின்றதா, மனிதன் தன் செயலுக்குப் பொறுப்பாளியா என்னும் வினாவே இங்கு வாதிடப்படுகின்றது. குலமும் பிறப்பும் இன்னும் மனிதனை அளக்கும் கோலாக உள்ள எமது சமூகத்தில், இவ்வாதம் சீனத்து மலைகளைப் பற்றியதாக மட்டும் இருக்க முடியாது.

ஆனால் இவ்விடத்திலேயே சுவைஞர் விமர்சனத்தின் எல்லையும் புலப்படுகின்றது. படிகளில் உருட்டப்பட்டவனுக்காக இரங்கும் சுவைஞர், படிகள் ஏன் உள்ளன எனக் கேட்பது அரிது. குலங்களின் ஆட்சி நாடகத்தில் ஒருபோதும் கேள்விக்குள்ளாவதில்லை. தீய தலைவன் வீழ்கின்றான். நல்ல தலைவன் அமர்கின்றான். தோற்ற வென் குலத்தின் முதியோரும் பெண்களும் குழந்தையும், குலப்பெயரொன்றுக்காகவே வேட்டையாடப்படும் பகுதி நாடகத்தின் மிக வன்மையான பகுதியாகும். போருக்குப் பின் ஒரு மக்கட்கூட்டம் முழுவதும் குற்றவாளியாக்கப்படுதலை அறிந்த எம்மவர் அதனை வெறுங்கதையாகப் பார்த்தல் இயலாது. எனினும் அவர்களைக் காக்க நாடகம் கண்ட வழி, தனியொரு வீரனின் அற்புத ஆற்றலேயன்றி வேறில்லை. அவன் வீழ அவர்களும் வீழ்கின்றனர். நடைவேகம் பற்றிய வாதத்திலும் இதுவே நிகழ்கின்றது. ‘நீர்’ என்ற சரியான சொல்லைக் கண்டெடுத்த சுவைஞர், பழியை ஓர் இயக்குநர்மீதோ திரைக்கதையாசிரியர்மீதோ சுமத்தி அமைதியுறுகின்றார். எடை குறைத்த கடைக்காரனைத் திட்டுகிறாரேயன்றிச் சந்தையை நோக்குவதில்லை.

மாவோ துன்னின் கண்டனம் அவர் காலத்துக்கு அவசியமானதாயிருந்தது. இன்று அதனை அப்படியே திருப்பிக் கூறுதல் போதாது. இன்றைய பார்வையாளர் கனவைக் கனவென்று அறிவர். அது எவ்வாறு தைக்கப்பட்டுள்ளதென்பதையும் அறிவர். யார் இலாபத்துக்குத் தைக்கப்பட்டுள்ளதென்பதைப் பாதி அறிவர். மீதிப் பாதியை அவர்களோடு சேர்ந்து தேடுவதே முற்போக்கு விமர்சகரின் கடன். அதற்கு முதற்படி, விரிவுரை மண்டபத்திற்கு வெளியே ‘கட்டமைப்பு’ என்ற சொல்லின்றி நடைபெறும் கட்டமைப்பு விமர்சனத்துக்குச் செவிகொடுப்பதாகும். சல்லியில் ‘இழுவை’ என்று கூறப்படுவதையும் சீனத்தில் ‘நீர்’ என்று கூறப்படுவதையும் கலைச்சொற்களாகவே ஏற்று, அவற்றின் பொருளை முழுமைப்படுத்தும் ஆய்வுகள் எமது பல்கலைக்கழகங்களிலிருந்து வெளிவருதல் வேண்டும். மக்களின் மொழிக்கு இலக்கியத்தில் இடங்கேட்டுப் போராடிய ஒரு பாரம்பரியம், அம்மக்களின் தீர்ப்புக்கு விமர்சனத்தில் இடம் மறுக்குமாயின், அது தன் வரலாற்றையே மறுப்பதாகும்.