கட்டைவிரலும் கெட்ட வார்த்தையும்

எப்போதும்வென்றான் என்பது ஊர்ப்பெயர். ஆண்பால் விகுதி. வென்றாள் என்று முடிகிற ஊர் ஒன்றை இந்தக் கரிசலில் நான் கேள்விப்பட்டதில்லை. ஊர்ப்பெயர் ஆராய்ச்சி இங்கே வேண்டாம். அதே விகுதியில் முடிகிற இன்னொரு பட்டியல் இருக்கிறது, அதைப் பற்றித்தான் பேச்சு. கு.அழகிரிசாமி, கி.ராஜநாராயணன், பூமணி, ச.தமிழ்ச்செல்வன், கோணங்கி, சோ.தர்மன். கோவில்பட்டியைச் சுற்றிய இந்த வானம் பார்த்த பூமிக்கு 1970, 1991, 2014, 2019 என்று நாலு முறை சாகித்ய அகாதெமி விருது வந்தாயிற்று. கரிசல் இலக்கியம் என்று சொன்னதும் நம் வாயில் வருவது இந்தப் பெயர்கள். மேற்கே மலையடிவாரத்துப் புதுப்பட்டியில் பிறந்து, இதே வெக்கையில் புழங்குகிற பேச்சை முழுப் பிரதியாக்கிய பாமாவின் பெயர் அந்த வரிசையில் வருவதில்லை. அவரை ‘தலித் பெண் எழுத்தாளர்’ என்ற வேறொரு அலமாரியில் வைத்திருக்கிறோம். மண்ணுக்கு ஆண்கள், அடையாளத்துக்குப் பெண். இந்தப் பிரிவினையை யார் செய்தது?

1997-இல் சுதந்திரப் பொன்விழாவை ஒட்டி சல்மான் ருஷ்டியும் எலிசபெத் வெஸ்ட்டும் ஐம்பதாண்டு இந்திய எழுத்தைத் தொகுத்தார்கள். மொழிபெயர்ப்பாக உள்ளே நுழைந்தவர் மண்ட்டோ ஒருவர்தான். இந்திய மொழிகளில் எழுதப்பட்டதைவிட ஆங்கிலத்தில் எழுதப்பட்டதே வலுவானது என்று ருஷ்டி வாதிட்டார். நமக்குக் கோபம் வந்தது, நியாயமான கோபம். ஆனால் அந்தக் கோபத்தில் ‘மண்’ என்ற ஒற்றைச் சொல்லைத் தூக்கிப் பிடித்தோம். லண்டன்காரனுக்கு மண்ணின் மொழி தெரியாது என்றோம். அந்த மண்ணின் மொழி யார் நாக்கிலிருந்து எடுக்கப்பட்டது என்று நமக்குள் கேட்டுக்கொள்ளவில்லை. பாட்டிமார் சொன்ன கதை, பருத்தி எடுக்கிறவர்களின் சொலவடை, இழவு வீட்டு ஒப்பாரி எல்லாம் கச்சாப் பொருள். பருத்தி இங்கே, நூற்பு வேறெங்கோ என்று ஏகாதிபத்தியத்தைத் திட்டுகிற நமக்கு, நம் வீட்டுக்குள்ளேயே அந்த ஏற்பாடு நடக்கிறது தெரியவில்லை.

‘கோபல்ல கிராமம்’ (1976) நாவலையே எடுத்துக்கொள்வோம். கி.ரா. மேல் எனக்கு மரியாதை உண்டு. வட்டார வழக்குக்கு ஒரு சொல்லகராதி செய்து 1982-இல் கொடுத்த மனுஷன். ஆனால் மரியாதை வேறு, வாசிப்பு வேறு. கோபல்ல கிராமத்துச் சரித்திரத்தைச் சொல்பவள் மங்கத்தாயாரு என்ற பூட்டி. சொல்லப்படுகிற சரித்திரத்தின் தொடக்கம் சென்னாதேவி என்ற பெண். துலுக்க ராஜா அவளைக் கேட்கிறான். மானம் காக்க ஒரு கூட்டமே ஆந்திர தேசத்தைவிட்டு ஓடி வருகிறது. தெலுங்கு பேசும் சாதிகள் பலவற்றின் வாய்மொழியில் புழங்குகிற கதைக்கூறு இது. கி.ரா. கண்டுபிடித்ததல்ல. ஆனால் அதன் கருத்தியலை அவர் உரசிப் பார்க்கவும் இல்லை. ஒரு சமூகம் தன் எல்லையைப் பெண்ணுடம்பின் மேல் கோடாகப் போட்டுக்கொள்கிறது. அந்தப் பக்கம் மற்றமை, இந்தப் பக்கம் நாம், நடுவே பேசாத ஒருத்தி.

இதைத் தெக்கத்திச் சங்கதி என்று தள்ளிவிட முடியாது. 1947-இல் பஞ்சாபிலும் வங்கத்திலும் நடந்தது இதே இலக்கணத்தில்தான். அம்ரிதா ப்ரீதமின் ‘பிஞ்சர்’, மண்ட்டோவின் ‘கோல் தோ’ இரண்டையும் கோபல்ல கிராமத்துக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தால் இது விளங்கும். 1998-இல் ஊர்வசி புட்டாலியா ஒரு நூலும், ரிது மேனன், கமலா பாசின் இருவரும் சேர்ந்து இன்னொரு நூலுமாகப் பிரிவினைப் பெண்களின் வாய்மொழிகளைக் கொண்டுவந்தார்கள். மானம் காக்கப்பட்டதாக ஆண்கள் பெருமையோடு சொன்ன இடங்களில், பெண்கள் கிணற்றில் விழுந்ததும், சொந்த அப்பன் அண்ணன் கையாலேயே வெட்டப்பட்டதும் வெளியே வந்தது. நம் இடப்பெயர்வுக் கதையை அப்படி யாராவது பெண் பக்கமிருந்து கேட்டோமா?

அதே நாவலின் தொடக்கத்தில் ஒரு கர்ப்பிணி. புருஷனோடு சண்டை போட்டு நடந்து வந்தவள், தாகத்துக்குத் தண்ணீரில் இறங்கும்போது நகைக்காக ஒரு கள்வன் அவளைத் தண்ணீருக்குள் அமுக்கிக் கொல்கிறான். சாகும்போது அவன் கால் கட்டைவிரலைக் கடித்த கடி விடவில்லை. அதனாலேயே அவன் அகப்படுகிறான். பிறகு அவள் தெய்வம். அற்புதமான காட்சி, மறுக்கவில்லை. ஆனால் கவனியுங்கள்: அவள் வாய்க்குக் கிடைத்த ஒரே வேலை கடிப்பது. பேச்சில்லை. பேசாத வாய்தான் தெய்வமாக லாயக்கு.

‘கிடை’ என்ற குறுநாவலில் கி.ரா. இதைவிட நேர்மையாக இருக்கிறார் என்பது என் கட்சி. மேல்சாதிப் பையனும் தலித் பெண்ணும் சேர்ந்திருந்த நேரத்தில் ஆடுகள் பருத்திக் காட்டில் இறங்கிவிடுகின்றன. ஊர் கூடி விசாரிப்பது பருத்தியை. துப்புத் துலக்குவதில் அத்தனை சாமர்த்தியம். அந்தப் பெண்ணுக்கு என்ன ஆச்சு என்று கேட்க ஒரு ஆள் இல்லை. அவனுக்குக் கல்யாணம், அவளுக்குப் பேயோட்டு. அந்த அமைதியை எழுதியவருக்கு ஊர் நியாயம் என்றால் என்னவென்று நன்றாகத் தெரிந்திருக்கிறது. இருந்தாலும் அங்கேயும் அவள் பேசவில்லை.

பேசுகிறவள் ‘சங்கதி’யில் (1994) வருகிறாள். மாரியம்மாவை நிலக்காரன் கையைப் பிடித்து இழுக்கிறான். அவன் முந்திக்கொண்டு அவள் மேலேயே பழி போடுகிறான். கூட்டம் கூடித் தண்டம் விதிப்பது அவளுடைய சொந்தத் தெருவின் நாட்டாமை. அவளோடு சேர்த்துப் பழி சொல்லப்பட்ட ஆண்பிள்ளைக்கு ஒரு தொகை, அவளுக்கு அதைவிடக் கூடுதல். சாதி ஆதிக்கமும் ஆணாதிக்கமும் கைகோத்துக்கொள்கிற இடத்தை ஒரு கோட்பாட்டுச் சொல்லும் இல்லாமல் பாமா காட்டிவிடுகிறார். அப்புறம் ராக்கம்மா. அடிக்க வருகிற புருஷனை நடுத்தெருவில் நின்று அத்தனை கெட்ட வார்த்தையிலும் குளிப்பாட்டுகிறாள், கடைசியில் சேலையையும் தூக்கிக் காட்டுகிறாள். அவன் ஒதுங்கிப் போகிறான். அசிங்கம் என்று முகம் சுளிக்கிறவர்களுக்குப் பிரதியே பதில் வைத்திருக்கிறது: அப்படிச் செய்யாவிட்டால் அவள் அடிபட்டுச் சாவாள்.

இதோடு மகாஸ்வேதா தேவியின் ‘திரௌபதி’யை வைத்துப் பார்க்கணும். ராணுவத்தால் சிதைக்கப்பட்ட சந்தாலிப் பெண் தோப்தி, துணியை மறுத்து நிர்வாணமாகச் சேனாநாயக்கின் எதிரே வந்து நிற்கிறாள். காயத்ரி ஸ்பிவாக் 1981-இல் அதை மொழிபெயர்த்ததும் உலகம் முழுக்கக் கோட்பாட்டு வகுப்புகளில் அவள் நிலைத்துவிட்டாள். ராக்கம்மாவும் அதே காரியத்தைத்தான் செய்தாள். ஆனால் சங்கதியைப் பற்றி எழுதுகிறவர்கள் அதைப் பெரும்பாலும் ‘ஆவணம்’, ‘வாழ்க்கைச் சாட்சியம்’ என்பதோடு முடித்துக்கொள்கிறார்கள். ஏன் ஒருத்தி கோட்பாடு, இன்னொருத்தி சாட்சி? தோப்தியின் எதிரே நிற்பது அரசு. அரசை எதிர்க்கிற பெண்ணுடம்பை வாசிக்கத் தெற்காசிய விமர்சனத்துக்குப் பழக்கம் இருக்கிறது. ராக்கம்மாவின் எதிரே நிற்பது புருஷன், தெரு, தன் சாதி ஆண். அதை வாசிக்க வேண்டுமென்றால் வாசிக்கிறவன் தன் வீட்டைத் திரும்பிப் பார்க்க வேண்டிவரும்.

மொழிபெயர்ப்பிலும் இது கசிகிறது. லட்சுமி ஹோம்ஸ்ட்ராமின் உழைப்பு பெரியது. அவர் இல்லையென்றால் ‘கருக்கு’ 2000-இல் ஆங்கிலத்துக்குப் போயிருக்காது. ஆனால் 2005-இல் வந்த ஆங்கிலச் சங்கதி, தலைப்புக்குப் பக்கத்தில் ‘நிகழ்வுகள்’ என்ற பொருளில் ஒரு சொல்லைச் சேர்த்துக்கொண்டது. சங்கதி என்றால் நிகழ்வு மட்டுமா? ‘ஒரு சங்கதி கேளு’ என்று ஒருத்தி காதுக்குள் குனியும்போது அதில் ரகசியம், புறணி, கூட்டாளித்தனம் எல்லாம் இருக்கு. நிகழ்வு என்றானதும் பேசுகிறவள் போய்விடுகிறாள், தகவல் மிஞ்சுகிறது.

தகவலாக்கப்பட்டதை நீக்குவது சுலபம். 2021 ஆகஸ்டில் டெல்லி பல்கலைக்கழக ஆங்கில ஆனர்ஸ் பாடத்தின் ‘பெண் எழுத்து’ தாளிலிருந்து திரௌபதி, சங்கதி, சுகிர்தராணியின் கவிதைகள் மூன்றும் எடுக்கப்பட்டன. கல்விப் பேரவையில் 15 பேர் எதிர்த்தும் நடக்கவில்லை. பல்கலைக்கழகம் சொன்ன சமாதானங்களில் ஒன்று, இலக்கியப் பாடம் யார் மனதையும் புண்படுத்தக் கூடாது என்பது. கோட்பாட்டு மவுசு இருந்த தோப்தியும் தப்பவில்லை என்பது உண்மை. ஆனால் அவளுக்காக வெகு தூரத்திலிருந்தும் குரல் எழும்பியது. சங்கதிக்காக இங்கே கரிசலில் எத்தனை கூட்டம் போட்டோம்?

புண்படுவது என்பதற்கு நம் பக்கத்திலும் ஓர் அகராதி இருக்கிறது. 2014 டிசம்பரில் ‘மாதொருபாக’னுக்கு எதிராகத் திருச்செங்கோட்டில் கிளம்பியவர்கள் சொன்னது, எங்க பொம்பளைகளைக் கேவலப்படுத்திட்டான் என்பதைத்தான். 2016 ஜூலையில் உயர்நீதிமன்றம் எழுத்தாளன் பக்கம் நின்றது. நாமும் நின்றோம். ஆனால் அந்த ‘எங்க பொம்பளைக’ என்ற உடைமைச் சொல்லை யாரும் பெரிதாகத் தொடவில்லை. கருத்துச் சுதந்திரம் என்ற பெரிய குடைக்குக் கீழே அது பத்திரமாக நனையாமல் இருந்துவிட்டது. சென்னாதேவிக்காக ஊரைக் காலி செய்தவர்களின் சொல்லும் அதுதானே. மாரியம்மாவுக்குத் தண்டம் போட்ட நாட்டாமைக்கும் அதே சொல்தான்.

தீப்பெட்டி ஆபீசுக்குப் போன பிள்ளைகளைப் பற்றி நம் ஆண் எழுத்தாளர்கள் அக்கறையோடு எழுதியிருக்கிறார்கள். பூமணி ‘கருவேலம்பூக்கள்’ என்று படமே எடுத்தார். சங்கதியிலும் அப்படி ஒரு பிள்ளை வருகிறாள், மைக்கண்ணி. அங்கே அவள் இரக்கத்துக்குரிய பிம்பம் இல்லை. வேலைக்கும் போய் வீட்டையும் தாங்குகிறாள், எதிர்த்தும் கேட்கிறாள். இந்த இரண்டு வகை எழுத்தையும் எதிரெதிரே வைத்து ஒரு விமர்சனம் வந்திருந்தால் கரிசல் இலக்கியம் என்ற வகைமையே ஆட்டம் கண்டிருக்கும்.

நம் முற்போக்கு மேடைகளில் திரௌபதியை உணர்ச்சியோடு வாசிக்கிறார்கள். நல்ல காரியம். அடுத்த முறை ராக்கம்மாவையும் அதே மேடையில், அதே சத்தத்தில், கெட்ட வார்த்தையை முழுங்காமல் வாசிச்சுக் காட்டணும். அரசை எதிர்த்து முஷ்டி உயர்த்துகிற தோழர்கள் முன்வரிசையில் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், எத்தனை பேர் டீ குடிக்க எழுந்து போகிறார்கள் என்று எண்ணிப் பார்க்கலாம்.