குடிவழிக்குச் சான்று எது?

குலப்பெருமை பேசாத குடும்பம் இல்லை. பிறந்த மண்ணை விட்டு வெளிமாநிலங்களில் வாழும் நம்மிடையே அப்பேச்சு சற்று மிகுதி எனலாம். அப்பெருமையில் எது சான்று, எது புனைவு எனப் பிரித்தறியச் செயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணி நமக்கு நல்லதோர் உரைகல்லாகும்.

அந்நூலின் ‘இராச பாரம்பரியம்’ என்னும் பகுதி சோழர் குடிவழியைத் திருமாலிடம் தொடங்குகிறது. பிரமன், கதிரவன், மனு, சிபி எனத் தொடர்ந்து முதற் பராந்தகனை அடைகிறது. கரிகாலன் இதனை இமயத்தில் பொறித்தான் என்றும் புலவர் கூறுவார். கவிதைக்கு இஃது அழகு, வரலாற்றுக்குச் சான்றாகாது. ஆனால், முதல் இராசராசன், இராசேந்திரன் முதலானோரின் வெற்றிகளைப் பரணி பாடுமிடத்து, கல்வெட்டுகள் அதற்குத் துணை நிற்கின்றன.

ஆங்கும் ஓர் இடைவெளி உண்டு. பராந்தகன் ஆட்சி முடிந்த 955-க்கும் இராசராசன் முடிசூடிய 985-க்கும் இடையே ஆண்ட கண்டராதித்தன், அரிஞ்சயன், சுந்தர சோழன், உத்தம சோழன் ஆகியோரைப் பரணி பாடாது விடுகிறது. வெற்றியைப் பாடும் புலவர் அவ்வாறு விடலாம். குடிவழி எழுதுவோர் விடலாகாது. அவ்விடைவெளியை நிரப்புவது 1905-இல் கிடைத்த திருவாலங்காட்டுச் செப்பேடு. அதுவும் புராண மன்னரையே முன்வைத்துத் தொடங்குகிறது. செம்பில் பொறித்ததனாலேயே ஒரு செய்தி மெய்யாகிவிடாது. எழுதியவர் காலத்திற்கு அண்மையதாய், வேறொரு சான்றோடும் ஒத்துவருவதே உறுதிபெறும்.

மற்றொன்றும் கருதத்தக்கது. பரணியின் தலைவனாகிய முதற் குலோத்துங்கன் தந்தைவழியில் வேங்கிச் சாளுக்கியன். இராசேந்திரன் மகளாகிய அம்மங்கைதேவியின் வழியிலேயே சோழன். 1070-இல் அவன் சோழ அரியணை ஏறியபோது அவனுக்கிருந்த பிறப்புரிமை அத்தாய்வழியே. செயங்கொண்டார் இதனை மறைக்கவில்லை. இரு குலமும் விளங்கப் பிறந்தான் என்றே போற்றுகிறார். நம் இல்லங்களில் எழுதிவைக்கும் குடிவழிப் பட்டியல்களோ, மணமாகிச் சென்ற மகளின் பெயரையே விட்டுவிடுகின்றன.

ஆதலின் தொன்முது வேந்தரிடமிருந்து கீழிறங்காது, நம்மிடமிருந்தே பின்னோக்கிச் செல்லுதல் வேண்டும். பிறப்பு இறப்புப் பதிவு, பாகப்பிரிவினைப் பத்திரம், நிலப்பட்டா, திருமண அழைப்பிதழ் ஆகியவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டும். வடநாட்டில் அரித்துவாரப் பண்டாக்கள், வரும் யாத்திரிகரின் ஊரையும் முன்னோர் பெயரையும் தலைமுறை தலைமுறையாக ஏடுகளில் பதிந்து வருகின்றனர். அவ்வழக்கம் நம் இல்லந்தோறும் வேண்டும். பாட்டனின் ஊரும் பாட்டியின் பிறந்தகமும் அறியாத பிள்ளைக்குக் கரிகாலனை முன்னோனாகக் காட்டி ஆவதென்ன?